அளவு நூல்

அத்தியாயம் 11: கை நனைக்கும் நாள்

புதன்கிழமை பொழுது விடிவதற்குள் தங்கம் மூன்று தடவை கொல்லைக்குப் போய் வந்துவிட்டாள்.

மூன்றாவது தடவை வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்தாள். பாதங்கள் இரண்டும் மரத்துக் கிடந்தன. கிள்ளிப் பார்த்தாள். வலி எங்கேயோ தூரத்தில் இருந்து வந்தது. மந்தைவெளியில் அந்தக் கோடையில் எல்லாருடைய கிணறும் அடி தட்டிக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக் கிணறு மட்டும் ஏன் மற்றவர்கள் கிணற்றைவிட வேகமாக வற்றுகிறது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

"கற்பகாம்பா, இன்றைக்கு ஒரு நாள் என்னை மானமாக நடமாட விடு" என்று வேண்டிக்கொண்டு எழுந்தாள்.

இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்குத் தங்கத்தைத் தெரியும். இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி.

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வைரவனின் மனைவி அவள். போன சித்திரை வரைக்கும் நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து அடையாற்றில் சின்னதாக நர்ஸிங் ஹோம் வைத்திருக்கும் டாக்டர் தனபாலன் அவளுக்கு ஓர் ஆபரேஷன் செய்தார். சிறுகுடலில் பெரும்பகுதியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்துத் தைத்துவிடுவார். அப்புறம் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. பத்து மாதத்தில் தங்கம் அறுபத்தாறு கிலோ ஆகிவிட்டாள்.

ஒட்டாத சாப்பாடு எங்கே போகும், எத்தனை தடவை போகும் என்பதை மட்டும் அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காததை அவளும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு வெட்கம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கே கூச்சம். கல்யாணமான நாளிலிருந்து வைரவன் அவளோடு கோயிலுக்குப் போனால் பத்தடி முன்னால்தான் நடப்பார். கூட வருவது யாரோ என்பதுபோல. போன கார்த்திகையில் ஒரு நாள், மாட வீதி திருப்பத்தில், அவர் நின்றார். அவள் வந்து சேரும்வரை நின்று, பக்கத்தில் நடந்தார். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு கிடைத்த அந்தப் பத்தடியை விட்டுக்கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? அதனால் 'நல்லா இருக்கேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு பொய் இப்போது அவளுடைய மகளைத் தேடி வந்திருந்தது.

ஜெயபாரதிக்குப் பதினெட்டு வயது. அம்மாவின் முகம், அம்மாவின் பழைய உடம்பு. ராஜா அண்ணாமலைபுரத்து நகைக்கடைக்காரர் வீட்டிலிருந்து வரன் வந்தது. பையனின் தாயார் சரோஜாதேவி பளிச்சென்று சொல்லிவிட்டாள். "பொண்ணு முகம் லட்சுமிகரமா இருக்கு. அம்மாவுக்குச் செஞ்ச வைத்தியத்தை இவளுக்கும் செஞ்சிட்டா, ஆவணியிலே மணவறை போட்டுடலாம்."

வைரவன் மறுநாளே அடையாற்றுக்குப் போய், வருகிற திங்கட்கிழமைக்குப் படுக்கை சொல்லிவிட்டு வந்தார்.

இன்று புதன். பையன் வீட்டார் கை நனைக்க வருகிறார்கள். தெற்கேயிருந்து வந்த குடும்பங்களில் இது பெரிய விஷயம். பெண் பார்க்க வந்தால் காபியோடு சரி. இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்குமேல் பின்வாங்குவது மரியாதைக்கேடு.

*

ஒன்பது மணிக்கு அன்வரி பேகம் வந்தாள்.

ராயப்பேட்டையில் சந்துக்குள் வீடு. வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். ஐம்பது வயதிருக்கும். அவளிடம் அளவு நாடா கிடையாது. ஒரு வெள்ளை நூலை உடம்பில் சுற்றி, சேர்கிற இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்வாள். மார்புக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு. ஆளுக்கு ஒரு நூல். நாடா வைத்தால் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; பக்கத்தில் இருப்பவள் காதில் விழும். தங்கம் நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்த காலத்தில், அவள் உடம்பைப் பற்றி ஓர் எண்ணைக்கூட உச்சரிக்காதவள் ஊரிலேயே அன்வரி ஒருத்திதான்.

"இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போய்க் கீது?" என்று கேட்டுக்கொண்டே மூட்டையை அவிழ்த்தாள். "ரவிக்கை கொண்டாந்துட்டேன். மிச்சத் துணியை வெட்டலை. உள்ளே மடிச்சித்தான் தைச்சிருக்கேன்."

"ஏன் அன்வரிக்கா? அதிகத் துணி குத்துமே?"

"குத்தாது. உனக்கு மறுபடி உடம்பு தேறும். அப்போ பிரிச்சு விட்டுடலாம்." அப்படிச் சொல்லிவிட்டு, அதற்கு அடியிலிருந்து ஓர் உள்பாவாடையை எடுத்துத் தங்கத்தின் கையில் கொடுத்தாள். பின்புறம் நாலு மடிப்புத் துணியை உள்வாட்டமாக வைத்துத் தைத்திருந்தது. இப்படி ஏற்கெனவே மூன்று கொடுத்திருந்தாள். தங்கம் ஒரு தடவையும் கேட்டதில்லை. ஒரு நாள் அளவெடுக்கும்போது பாதியில் கொல்லைக்கு ஓடியதை அன்வரி பார்த்திருந்தாள், அவ்வளவுதான். அடுத்த வாரமே முதலாவது உள்பாவாடை வந்தது. ஏன், எதற்கு என்று ஒரு பேச்சுக் கிடையாது.

கடவுள் மனிதர்களுக்கு எல்லா நேரமும் பெரிய உதவியாகச் செய்வதில்லை. நாலு மடிப்புத் துணியாகவும் வருகிறார்.

வைரவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி கூடத்துக்கு வந்தார். "வந்துட்டியா அன்வரி? இந்தா, பாப்பாவுக்கு முகூர்த்த ரவிக்கைப் பட்டு. இதை இன்னைக்கே எடுத்துட்டுப் போய் வெட்டிடு."

"பாப்பாவைக் கூப்பிடுங்க சார். பழைய நூல் வெச்சிகீறேன், ஒரு வாட்டி சரி பார்த்துக்கறேன்."

"அவ அளவு வேண்டாம். அவ அம்மா அளவிலேயே வெட்டு. ஆவணிக்கு அதுதான் அவ அளவு."

அன்வரி பட்டைக் கையில் வாங்கினாள். சிறிது நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இல்லாத உடம்புக்கு எப்படி சார் தைக்கிறது?"

"அதெல்லாம் டாக்டர் பார்த்துப்பார். நீ தையலைப் பாரு" என்று சிரித்துவிட்டு வைரவன் வாசலுக்குப் போனார்.

அன்வரி பட்டை மடித்து அலமாரித் தட்டில் வைத்தாள். அதன்மேல் இரண்டு நூல்களைச் சுருட்டி வைத்தாள். ஒன்று தங்கத்தினுடையது. இன்னொன்று நீளம், அது ஜெயபாரதியுடையது.

"ரெண்டும் இங்கே கீது. எந்த நூலைக் குடுத்தனுப்பறியோ அதுல வெட்டறேன். நீ பெத்தவ. நீ சொல்லு. கத்தரி வெச்சுட்டா அப்புறம் ஒட்டாதும்மா."

"நான் சொன்னா யார் கேக்கப் போறாங்க?"

"மொதல்ல சொல்லிப் பாரு" என்றாள் அன்வரி. "நானும் பத்து மாசமா காது குடுத்துக்கினுதான் கீறேன். என்கிட்டகூட நீ சொல்லலையே."

*

பதினோரு மணிக்கு இரண்டு கார்கள் வந்தன. சரோஜாதேவி பட்டும் வைரமுமாக இறங்கினாள். மோசமானவள் இல்லை. வந்ததும் வராததுமாக ஜெயபாரதியின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். "திங்கக்கிழமை பயப்படக் கூடாது, என்ன? நான் வந்து உன் பக்கத்திலேயே உக்காந்திருப்பேன்" என்றாள். ஜெயபாரதிக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

சமையலுக்கு ஆள் வைத்திருந்தார்கள். ஆனாலும் தங்கம் வழக்கம்போலக் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். அதுதான் அவளுடைய பாதுகாப்பான இடம். பரிமாறுகிறவள் கடைசியில் சாப்பிடுவாள். அவள் என்ன சாப்பிட்டாள், சாப்பிட்டாளா என்று எந்த வீட்டிலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பத்து மாதமாக அவள் ரகசியம் அந்த வழக்கத்தின் நிழலில்தான் ஒளிந்திருந்தது. இரண்டு வாய் குழைந்த சாதம், அரை டம்ளர் மோர். அதற்கே வயிறு பொறுக்காது.

"மதினி, நீங்க என்ன அங்கே நிக்கிறீங்க? வாங்க, என் பக்கத்திலே உக்காருங்க" என்றாள் சரோஜாதேவி.

"இருக்கட்டும் மதினி, நான் அப்புறமா..."

"அப்புறமாவா? ரெண்டு தாயாரும் ஒண்ணா உக்காந்து கை நனைக்கணும். அதுதான் எங்க வீட்டு வழக்கம். எங்க மாமியா எனக்குச் செஞ்சாங்க, நான் உங்களுக்குச் செய்யறேன்."

எதிர்ப் பந்தியிலிருந்து வைரவன், "உக்காரேன் தங்கம். மதினி இவ்வளவு தூரம் கூப்பிடுறாங்கல்ல?" என்றார்.

தங்கம் உட்கார்ந்தாள்.

ஜெயபாரதி பரிமாறினாள். இலையில் வடை விழுந்தது. உருளைக்கிழங்கு விழுந்தது. பருப்பின்மேல் நெய் விழுந்தது. தங்கம் பருப்புச் சாதத்தைப் பிசைந்தாள்; பிசைந்துகொண்டே இருந்தாள்.

"சாப்பிடுங்க மதினி! நீங்க சாப்பிட்டாத்தானே நான் சாப்பிட முடியும்?" சரோஜாதேவி சிரித்தாள். "அன்னிக்குக் கோயில்ல உங்களைப் பின்னாலேருந்து பார்த்துட்டு, யாரோ காலேஜுப் பொண்ணுன்னு நெனச்சேன். சத்தியமா! சேலை எப்படி நிக்குது உங்களுக்கு. மதுரையிலே எங்க அண்ணன் மக ஒருத்தி இருக்கா. பாவம், மாவு மூட்டை மாதிரி. அவளையும் அடையாறு டாக்டர்கிட்ட கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். உங்களைப் பார்த்துத்தான்."

உங்களைப் பார்த்துத்தான்.

இந்த வார்த்தையைத் தங்கம் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறாள். கோயிலில், கடையில், சபாவில். ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்து சிரித்திருக்கிறாள். எத்தனை பெண்கள் அந்தச் சிரிப்பை நம்பிப் போனார்களோ!

நாலு வாய் சாப்பிட்டாள். போதும், இதோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் அரைமணி தாங்கும். இலையை ஒதுக்கலாம் என்று நினைத்து நிமிர்ந்தபோது, ஜெயபாரதி பாயசத் தூக்கோடு எதிரில் நின்றாள்.

மகளின் கண்கள் அவள் முகத்தில் இல்லை. இடுப்பில் இருந்தன. புடவைக் கொசுவம் சொருகியிருந்த இடத்தையே அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்தவர்கள் சோற்றைப் பார்க்கிற பார்வை.

தங்கம் இலையை ஒதுக்கவில்லை.

'சொன்னால் நம்ப மாட்டாள். பார்க்கட்டும்.'

பாயசத்தை எடுத்துக் குடித்தாள். டம்ளரை நீட்டினாள். "இன்னொண்ணு ஊத்தும்மா."

"அம்மா?" ஜெயபாரதி திகைத்தாள். அவள் அம்மா பாயசம் குடித்து வருஷமாகிறது.

"ஊத்து."

"பார்த்தீங்களா, பொண்ணு கையாலே ஊத்தினா எப்படி இறங்குதுன்னு!" என்று சரோஜாதேவி பந்திக்கே கேட்கும்படி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். வைரவன் உரக்கச் சிரித்தார்.

மோர் வரும்வரைகூட வயிறு காத்திருக்கவில்லை. அடிவயிற்றில் கத்தியைத் திருகினதுபோல ஒரு வலி. நெற்றியில் வேர்த்தது. தங்கம் கையை ஊன்றி எழுந்தாள்.

கூடம் அமைதியாகிவிட்டது. கை நனைக்கும் பந்தியில், பெண்ணைப் பெற்றவள் பாதியில் எழுந்துவிட்டாள். சரோஜாதேவி உருட்டிய சாதம் கையிலேயே நின்றது.

"என்னாச்சு மதினி?"

பதில் சொல்ல வாயைத் திறந்தால் கால் நின்றுவிடும். அவள் நடந்தாள். கூடம், சமையலறை, பின்கட்டு. கொல்லைக் கதவுக்கு நாலடி இருக்கும்போது உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை.

நாலு மடிப்புத் துணி அவள் மானத்தைக் காப்பாற்றியது. பட்டுச் சேலையில் ஒரு சொட்டு படவில்லை. கூடத்தில் இருந்த யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஒருத்தியைத் தவிர. தூக்கை வைத்துவிட்டு ஜெயபாரதி பின்னாலேயே ஓடி வந்திருந்தாள்.

*

இருபது நிமிஷம் கழித்துத் தங்கம் பழைய சேலையோடு வெளியே வந்தாள். இறைத்து வைத்த தண்ணீரில் ஜெயபாரதி அந்த உள்பாவாடையை அலசிக்கொண்டிருந்தாள்.

"வை பாரதி. நீ தொடாதே."

"எத்தனை நாளாம்மா?"

"மொத நாள்லேருந்து."

"தினமுமா?"

"தினமும். பதினாலு தடவை. சில நாள் பதினாறு. தலையைப் பார்த்தியா? கொண்டையிலே பாதி சவுரி. காலைக் கிள்ளினா உறைக்க மாட்டேங்குது. ராத்திரி நான் படுக்கிறது பின்கட்டிலே, ஏன்னு கேட்டியே, காத்து நல்லா வருதுன்னு சொன்னேன். பொய். ஓடறதுக்குப் பக்கம்."

ஜெயபாரதி துணியைப் பிழிந்தாள். இன்னும் பிழிந்தாள். தண்ணீர் வராத பிறகும் பிழிந்தாள்.

"சாப்பிடாம இருந்தா வராதுல்ல?"

தங்கத்துக்கு முதலில் புரியவில்லை.

"அந்த வீட்டிலே போய் நான் சாப்பிடாம இருந்துடறேன்" என்றாள் ஜெயபாரதி. "யாரும் இருக்கிறப்போ சாப்பிட மாட்டேன்."

"பச்சைத் தண்ணி குடிச்சாலும் வரும்டி."

"வரட்டும்."

"பாரதி..."

"நேத்து இருபத்தொண்ணாம் நம்பர் பஸ்ஸிலே கண்டக்டர் என்ன கேட்டான் தெரியுமா? 'இன்னாம்மா, ரெண்டு டிக்கெட்டா கிழிக்கட்டும்?'னான். பஸ்ஸே சிரிச்சுது. முன்னாடி உக்காந்திருந்த நம்ம தெருப் பாட்டு டீச்சர்கூடச் சிரிச்சாங்க. நீ பதினாலு தடவை போறது யாருக்கும் தெரியாதும்மா. கதவைச் சாத்திக்கலாம். என்னோடது சாத்திக்க முடியலையே."

அந்தப் பதில் அவளுடையதேதான். போன சித்திரையில் அவளும் இதைத்தானே மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்தாள்?

*

வந்தவர்கள் மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். சரோஜாதேவி கோபித்துக்கொள்ளவில்லை. "பித்தமா இருக்கும் மதினி. சீரகத்தை வறுத்துத் தண்ணி போட்டுக் குடிங்க. நாங்க ரெண்டு வாய் அதிகமா ஊட்டிட்டோம்" என்று தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "திங்கக்கிழமை காலையிலே ஏழு மணிக்கு நான் அங்கே இருப்பேன்."

கார் சத்தம் ஓய்ந்ததும் வைரவன் திரும்பினார்.

"அளவு தெரியாதா உனக்கு? டாக்டர் கொஞ்சமா சாப்பிடுன்னுதானே சொன்னார்? இன்னைக்குப் பார்த்து ரெண்டு டம்ளர் பாயசமா?"

"அவளுக்குத் தெரியணும்னு குடிச்சேன்."

"எது தெரியணும்?"

சொன்னாள். கொல்லையில் மகளிடம் சொன்ன எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து அவ்வளவு நேரம் அவள் பேசியதே இல்லை.

வைரவன் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜைமேல் அந்த மாதத்துக் கார்டு இருந்தது. டாக்டர் மாதாமாதம் அச்சடித்து அனுப்புகிற கார்டு. எடை என்ன, சாப்பாடு என்ன, ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளியே போகிறார் என்று கேள்விகள் இருக்கும். வைரவன்தான் நிரப்புவார். காலையிலேயே நிரப்பி, தபால்தலை ஒட்டி வைத்திருந்தார். கடைசிக் கேள்விக்கு எதிரில் '2' என்று இருந்தது. எல்லா மாதமும் அதே இரண்டு. முதல் மாதம் கடை மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது, "எல்லாம் சரியா இருக்குல்ல? ரெண்டுன்னு போட்டுடவா?" என்று கேட்டார். அந்த மனிதர் முன்னால் அவள் என்ன சொல்வாள்? தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. டாக்டரிடம் நேரில் போனாலும் பக்கத்தில் நின்று அவரே பதில் சொல்லிவிடுவார்.

அந்தக் கார்டுகளைப் பார்த்துத்தான் டாக்டர் தனபாலன், "தாயாருக்கு இவ்வளவு நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது. மகளுக்கும் தைரியமாகச் செய்யலாம்" என்று சொல்லியிருந்தார்.

"நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் தங்கம்.

வைரவன் கார்டைக் கவிழ்த்து வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ராத்திரியிலே கிணத்து ராட்டினம் சத்தம் போடுது தங்கம். கேக்காமலா இருக்கும்?"

தங்கம் கார்டைத் திருப்பி அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள்.

"அப்போ ஏன் ரெண்டுன்னு எழுதினீங்க?"

"நீ சந்தோஷமா இருந்தே. கோயிலுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போனோம். அதைக் கெடுப்பானேன்னு..." அவர் குரல் தேய்ந்தது. உடனே எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இப்போ பேசி என்ன பிரயோஜனம்? கை நனைச்சுட்டுப் போய்ட்டாங்க. அவ சின்னப் பொண்ணு. அவ உடம்பு தாங்கும். கார்டைத் தபால்ல சேர்த்துடு."

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

கெட்ட மனிதர் என்று அவரை ஒதுக்கிவிட முடியுமானால் எவ்வளவு சுலபமாக இருக்கும்! சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒருவர் பொய் எழுதினார், சந்தோஷமாக இருந்த ஒருத்தி பொய்க்குத் தலையாட்டினாள். அன்பு என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்த அதற்குள், மகளுக்கு மேஜை தயாராகிக்கொண்டிருந்தது.

*

தங்கம் எட்டாவது வரைக்கும் படித்தவள். கார்டில் இருந்த இங்கிலீஷ் அவளுக்குப் புரியாது. ஆனால் '2' எது என்று தெரியும். பேனாவை எடுத்து அதன்மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் '14' என்று எழுதினாள். கீழே இருந்த காலி இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

'ஐயா, மேலே இருப்பது என் வீட்டுக்காரர் எழுதியது. இது நான் எழுதுவது. ஒரு நாளைக்குப் பதினாலு தடவை. தலைமுடி கொட்டுகிறது. கால் மரத்துப் போகிறது. வெட்கத்தால் சொல்லாமல் இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது. திங்கட்கிழமை என் மகளை மேஜையில் ஏற்றுவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தங்கம்.'

நாலரை மணிக்குத் தபால் எடுப்பார்கள். செருப்பில்லாமல் தெருவில் இறங்கினாள். வெயிலில் தார் கொதித்திருக்கும். அவளுடைய பாதத்துக்குத் தெரியவில்லை.

தெருமுனைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஜெயபாரதி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அந்த உடம்போடு அவள் ஓடி வந்திருக்கிறாள். எதிர்க்கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பார்த்தார்கள்.

"போடாதேம்மா."

"பாரதி, வீட்டுக்குப் போ."

"டாக்டர் மாட்டேன்னுடுவார். அந்த வீட்டிலேருந்து வேண்டாம்னுடுவாங்க. அத்தை இன்னைக்கு என் கன்னத்திலே முத்தம் குடுத்தாங்க. நீ குடுத்திருக்கியா? ஞாபகம் வர்ற மாதிரி ஒரு தடவை?"

தங்கம் கார்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இளைச்சுட்டே. அப்பா உன்கூட நடக்கிறார். நான் மட்டும் இப்படியே இருக்கணும், அதானே?"

இதைவிடக் கொடுமையாக ஒரு தாயை யாரும் கேட்க முடியாது.

"நீ உசுரோட இருக்கணும்" என்றாள் தங்கம். "எப்படி வேணாலும் இரு. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

கார்டைப் பெட்டிக்குள் விட்டாள். அடியில் போய் விழுகிற சத்தம் கேட்டது. காலிப் பெட்டியில் ஒரே ஒரு கடிதம் விழுகிற சத்தம்.

ஜெயபாரதி அழவில்லை. தாவணியை இழுத்து வயிற்றின்மேல் மூடிக்கொண்டாள்.

"போன மாசத்தோட எனக்குப் பதினெட்டு முடிஞ்சுபோச்சு. இனிமே ஆபரேஷனுக்கு என் கையெழுத்தே போதும்னு டாக்டர் சொன்னார்" என்றாள். திரும்பி வேகமாக நடந்துவிட்டாள்.

தங்கத்தால் உடனே நடக்க முடியவில்லை. வயிறு மறுபடி திருகிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தபால்காரர் வந்து, பூட்டைத் திறந்து, அந்த ஒரு கார்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே அடையாறு போய்ச் சேந்துரும்மா. கவலைப்படாதீங்க" என்றார். அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒருவரும் எடுக்காத வெற்றிலைத் தட்டு. வாடிய மாலை.

"பாரதி!"

பதில் இல்லை. சமையல்காரர் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாப்பா இப்பத்தான்மா பின்வாசல் வழியா போச்சு. ராயப்பேட்டைக்கு, தைக்கிற அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வரேன்னு சொல்லச் சொல்லிச்சு. கையிலே பட்டுத்துணி இருந்திச்சு."

தங்கம் அலமாரியைத் திறந்தாள்.

பட்டு இல்லை. கையை உள்ளே விட்டுத் தட்டு முழுக்கத் தடவிப் பார்த்தாள். குனிந்து கீழ்த்தட்டிலும் பார்த்தாள். ஒரு நூலையாவது விட்டுவிட்டுப் போயிருந்தால், எதை எடுத்துக்கொண்டு போனாள் என்று தெரிந்திருக்கும்.

இரண்டு நூலும் இல்லை.